டிஎஸ்ஹெச் நார்மல், ஆனால் குளிர் விடவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பெண் ஒரே ஒருவர் அல்ல. ஒரே வழியாக வந்து சேர்ந்த சிலரின் விவரங்களைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி ஒருவராக்கியிருக்கிறேன். எண்களும் அப்படித்தான், இந்த நோயில் வழக்கமாகக் கிடைக்கக்கூடிய அளவுகளையே எழுதியிருக்கிறேன்.

வந்தபோது

வயது 46. தொந்தரவு இரண்டு: உடம்பெல்லாம் வலி, தாங்க முடியாத குளிர். இரண்டும் தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. கடைசி ஒரு வருடமாக ரொம்பவே அதிகம்.

காத்திருந்தவர்கள் எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே இடம் தேடிக்கொண்டிருந்த நாள் அது. அவர் மட்டும் முழுக்கை ஸ்வெட்டரும் கம்பளிக் காலுறையும் போட்டுக்கொண்டு வந்தார். துணைக்கு அவருடைய அக்கா. நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். விரல் நுனி மட்டுமல்ல, முழங்கை வரைக்கும் சில்லென்று இருந்தது. தோல் காய்ந்திருந்தது, வெளிறியிருந்தது. கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் மெல்லிய சுருக்கங்கள், வயதுக்கு மீறி.

வலி ஓரிடத்தில் நிற்பதில்லை. தோள், தொடை, இடுப்பு என்று மாறிக்கொண்டே இருக்கும். மூட்டு வீக்கம் இல்லை. "காலையில கட்டில்ல இருந்து எழுந்திருக்கவே யாராவது கை கொடுக்கணும் டாக்டர். தலைவாரக் கையைத் தூக்கினா பாதியிலேயே வலிச்சு இறக்கிடுவேன்" என்றார். அசதி, பசியின்மை, மலச்சிக்கல், திடீரென்று எழுந்தால் தலைசுற்றல் எல்லாம் உண்டு. பேச்சு மெதுவாக வந்தது. ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை அக்காதான் நிரப்பிக்கொண்டிருந்தார்.

இரத்த அழுத்தம் 96/60. நாடி நிமிடத்துக்கு 58.

கையில் இருந்த கோப்பு

அக்கா பையிலிருந்து எடுத்து வைத்த கோப்பு நல்ல கனம். ஐந்து வருடத்தில் நான்கு மருத்துவர்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் செய்தது அந்தந்த நேரத்தில் நியாயமாகவே தெரிகிறது.

முதலாமவர் வைட்டமின் டி பார்த்தார். 17 இருந்தது. 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் பற்றாக்குறை என்பதால் மருந்து கொடுத்தார். அளவு 34-க்கு ஏறியது, வலி இறங்கவில்லை. இரண்டாமவர் ஹீமோகுளோபின் 10.4 என்று பார்த்து இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். ஆறு மாதம் கழித்தும் 10.6. மூன்றாமவர் முடக்குவாதத்துக்கான பரிசோதனைகளைச் செய்து, எல்லாம் நெகட்டிவ் என்று வந்தபின் ஃபைப்ரோமயால்ஜியா (உடலெங்கும் நீடிக்கும் வலி நோய்) என்று பெயர் வைத்து, நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் மாத்திரை கொடுத்தார். தூக்கம் கொஞ்சம் வந்தது, அவ்வளவுதான்.

நான்காமவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். இந்தக் கதையின் மிக முக்கியமான துப்பு அவரிடம்தான் கிடைத்தது. அவருக்கே அது தெரியவில்லை.

தைராய்டைச் சோதிக்க வழக்கமாக எடுக்கும் டிஎஸ்ஹெச் கோப்பில் இரண்டு முறை இருந்தது: 2.6, பின்னர் 2.2. ஆய்வகத்தின் சாதாரண எல்லை 0.4 முதல் 4.0 வரை. இரண்டு தாளிலும் யாரோ பேனாவால் 'தைராய்டு நார்மல்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்கள். அந்த அடிக்கோட்டோடு தைராய்டு விசாரணை முடிந்துபோயிருக்கிறது.

என்னவாக இருக்கலாம்?

நடுவயதுப் பெண்ணுக்கு உடல்வலியும் குளிர் தாங்காமையும் சேர்ந்து வந்தால் முதலில் நினைவுக்கு வருவது தைராய்டு குறைவு. அதில் தவறில்லை. உடலின் அடுப்பு எரியும் வேகத்தைத் தைராய்டு ஹார்மோன்தான் தீர்மானிக்கிறது. அது குறைந்தால் வெப்பம் குறையும், தசைகள் வலிக்கும், பிடித்துக்கொள்ளும். ஒரு பழைய கதை உண்டு. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர் செம்மறியாட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்ணைத் தேற்றினார். தைராய்டு குறைவுக்கு வெற்றிகரமாகக் கொடுக்கப்பட்ட ஆரம்பகாலச் சிகிச்சைகளில் ஒன்று அது. அந்தப் பெண்ணுக்கும் அப்போது வயது 46. அதற்குப் பின் 28 வருடம் வாழ்ந்தார்.

ஆனால் நம் நோயாளிக்கு டிஎஸ்ஹெச் நார்மல். சரி, அடுத்தது?

இரும்புச்சத்துக் குறைவு. இரத்தசோகை வராத நிலையிலேயே, சேமிப்பு தீர்ந்தாலே அசதியும் குளிரும் வரலாம். சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இவருக்கு 42. சிவப்பணுக்களின் அளவும் இயல்பு. இரும்புக் குறைவில் அணுக்கள் சிறுத்திருக்கும். ஆக, இவருடைய இரத்தசோகை வேறு ஏதோ வகை. இரும்பு மாத்திரைக்கு அது அசைந்து கொடுக்காததும் அதனால்தான்.

வைட்டமின் டி குறைவு எலும்பை மென்மையாக்கும் அளவுக்குப் போனால் உடல்வலி நிச்சயம் வரும். முன்னங்கால் எலும்பை விரலால் அழுத்தினால் நோயாளி துள்ளுவார், நடை ஆடும். இவரிடம் அழுத்திப் பார்த்தேன், சும்மா இருந்தார். தவிர, வைட்டமின் டி குறைவு வலியை விளக்கும், குளிரை விளக்காது.

மாதவிடாய் நிற்கும் காலம். இந்தப் பெயர்தான் என்னை அதிகம் பயமுறுத்துவது, ஏனென்றால் இதற்குள் எதை வேண்டுமானாலும் போட்டு மூடிவிடலாம். அந்த வயதில் மூட்டுவலி, தசைவலி வருவது உண்மை. உடல் திடீரென்று கொதித்து, வியர்த்து, அது அடங்கும்போது நடுக்கம் எடுப்பதும் உண்டு. அந்தக் குளிர் அலைபோல வந்து போகும். நாள் முழுக்க, வருடம் முழுக்க எலும்பில் உட்கார்ந்திருக்கும் குளிர் அது இல்லை. இவரிடம் கேட்டேன்: உடம்பு எப்போதாவது கொதிக்குமா? "ஒரு நாள் கூட இல்ல. வேர்த்தே பல வருஷம் ஆச்சு."

ரேனோ நிகழ்வு என்று ஒன்று இருக்கிறது. குளிரில் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்து திரும்பும். நாற்பதுக்கு மேல் முதன்முதலாக வந்தால் தோல் இறுகும் ஸ்கிளீரோடெர்மா போன்ற நோய்களைத் தேட வேண்டும். இவருக்கு நிற மாற்றம் கிடையாது. கொழுப்புக் குறைப்பு மாத்திரையால் வரும் தசைவலி, பி12 குறைவு, ஐம்பதுக்கு மேல் தோளும் இடுப்பும் வலித்து இறுகும் பாலிமயால்ஜியா எல்லாவற்றையும் ஓரிரு கேள்வியிலேயே ஒதுக்க முடிந்தது.

மிச்சம் ஃபைப்ரோமயால்ஜியா. அது உண்மையான நோய்தான். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பெயர் என்று நான் நினைக்கவில்லை. குளிருக்குக் கூச்சம் காட்டுவதும் அதில் சகஜம். ஆனால் அது நாடியை 58-க்கு இறக்காது, இரத்த அழுத்தத்தைக் குறைக்காது, ஹீமோகுளோபினைத் தொடாது. இந்த மூன்றையும் சேர்த்து விளக்கும் ஒரே பெயரைத்தான் தேட வேண்டியிருந்தது.

குதிகால் சொன்னது

முட்டி போட்டபடி நாற்காலியில் ஏறி நிற்கச் சொன்னேன், பாதங்கள் விளிம்புக்கு வெளியே தொங்க. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் பாதம் வெடுக்கென்று உதைத்து அதே வேகத்தில் பழைய இடத்துக்கு வர வேண்டும். இவருடைய பாதம் வேகமாக உதைத்தது. திரும்பி வரும்போது, தண்ணீருக்குள் இறங்குவதுபோல, நிதானமாக, கண்ணால் பின்தொடரும்படி வந்தது. இரண்டு காலிலும் அதேதான். மூன்று முறை தட்டிப் பார்த்தேன்.

இது தைராய்டு குறைவின் பழைய அடையாளம். ஆய்வகங்கள் வருவதற்கு முன்னால் மருத்துவர்கள் இதை நம்பித்தான் காலம் தள்ளினார்கள். தாள் நார்மல் என்கிறது, கால் இல்லை என்கிறது. அப்படியானால் தாளில் இருக்கும் கேள்வியே தவறாக இருக்கலாம்.

டிஎஸ்ஹெச் என்பது தைராய்டில் சுரப்பது இல்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. தைராய்டு சோம்பினால் பிட்யூட்டரி குரலை உயர்த்தும், டிஎஸ்ஹெச் ஏறும். அதனால்தான் அதை வைத்துத் தைராய்டை அளக்கிறோம். கட்டளையிடும் பிட்யூட்டரியே கெட்டுப்போயிருந்தால்? குரல் உயராது. டிஎஸ்ஹெச் குறைவாகவோ, இதேபோல நார்மலாகவோ இருக்கும். சில சமயம் லேசாக ஏறியும் இருக்கும், ஆனால் வேலைக்கு உதவாத வடிவத்தில். உண்மை நிலவரத்தைச் சொல்வது ஃப்ரீ டி4 என்ற இன்னொரு அளவு. கோப்பை மறுபடி புரட்டினேன். ஐந்து வருடத்தில் ஒரு முறைகூட அது பார்க்கப்படவில்லை.

வேறு சில எண்களும் அங்கேயே கிடந்தன. சோடியம் 129 (குறைந்தது 135 இருக்க வேண்டும்). பொட்டாசியம் 4.2, இயல்பு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 66. கொலஸ்ட்ரால் 262. ஒவ்வொன்றும் வெவ்வேறு மாதத்தில், வெவ்வேறு தாளில்.

அப்புறம்தான் நான்காவது மருத்துவரின் சீட்டைப் பார்த்தேன். எட்டு மாதத்துக்கு முன் அவர், டிஎஸ்ஹெச் நார்மலாக இருந்தும், தோற்றத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, முயன்று பார்க்கலாம் என்று தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) 50 மைக்ரோகிராம் எழுதியிருக்கிறார். பத்தே நாளில் வாந்தி, தலைசுற்றல், எழுந்திருக்க முடியாத அசதி. மாத்திரையை நிறுத்தியதும் கொஞ்சம் தெளிவு. 'தைராக்சின் ஒத்துக்கொள்ளவில்லை, தைராய்டு காரணம் அல்ல' என்று சீட்டு முடிகிறது.

அவருடைய சந்தேகம் சரி. அவர் கொடுத்த மருந்தும் சரி. முன்னால் கொடுத்திருக்க வேண்டிய இன்னொன்று விட்டுப்போனது.

கேட்காமல் விட்டது

"பிரசவம் எத்தனை?"

"ரெண்டு."

"கடைசிப் பிரசவம் எப்படி இருந்தது?"

அவர் யோசித்தார். அக்கா முந்திக்கொண்டார். "அதை ஏன் கேக்கறீங்க டாக்டர், நாங்க ஆளே பிழைக்கமாட்டான்னு நெனச்சோம்."

பதினாறு வருடத்துக்கு முன், முப்பது வயதில். நஞ்சுக்கொடி முழுசாக வெளிவரவில்லை. இரத்தம் நிற்கவில்லை, மயங்கிவிட்டார். நாலு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள், இரண்டு நாள் ஐசியூ. பிறகு தேறி வீட்டுக்கு வந்துவிட்டார், குழந்தையும் நலம். அதனால் அந்தக் கதை எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்த கதை.

"குழந்தைக்குப் பால் கொடுத்தீங்களா?"

இந்த முறை இடைவெளி இல்லாமல் அவரே சொன்னார். "சுரக்கவே இல்ல. ஒரு சொட்டுக் கூட. மூத்தவனுக்கு ஒன்றரை வருஷம் கொடுத்தேன். இவளுக்கு ஏன் வரலன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. மனசு சரியில்லாததால இருக்கும்னு சொன்னாங்க."

அதற்குப் பிறகு மாதவிலக்கு?

"ரெண்டு மூணு தடவ துளி பட்ட மாதிரி. அப்புறம் வரவே இல்ல. சீக்கிரமே நின்னு போச்சுன்னு விட்டுட்டேன். ஒரு விதத்துல நிம்மதின்னு கூட நெனச்சேன்."

அக்குளிலும் அடிவயிற்றுக்குக் கீழும் முடி உதிர்ந்துவிட்டதா என்று அக்காவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன். ஆமாம், பல வருடங்களுக்கு முன்பே. யாரும் கேட்கவில்லை, அவராகச் சொல்லவும் கூச்சம்.

கோப்பில் எல்லாச் சீட்டிலும் 'மாதவிடாய்: நின்றுவிட்டது' என்று இருக்கிறது. எந்த வயதில் என்று எந்தச் சீட்டிலும் இல்லை. 46 வயதில் அந்த வரி யாருக்கும் உறுத்தாது. 30 என்று எழுதியிருந்தால் உறுத்தியிருக்கும்.

பரிசோதனை

காலை எட்டு மணிக்கு எடுத்த இரத்தத்தில்: ஃப்ரீ டி4 0.5 (சாதாரணமாக 0.8-க்கு மேல்). பிட்யூட்டரி சொல்லி அட்ரினல் சுரப்பி சுரக்கும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கும் கார்ட்டிசால் 2.1 மைக்ரோகிராம், அந்த நேரத்தில் 3-க்குக் கீழே இருந்தாலே பற்றாக்குறை என்று சொல்லிவிடலாம், தூண்டுதல் பரிசோதனை தேவையில்லை. பால் சுரக்கவைக்கும் ப்ரோலாக்டின், ஈஸ்ட்ரோஜன், வளர்ச்சி ஹார்மோனைக் காட்டும் ஐஜிஎஃப்-1 எல்லாம் கீழே.

எனக்குப் பிடித்த எண் எஃப்எஸ்ஹெச், சினைப்பைக்குப் பிட்யூட்டரி அனுப்பும் கட்டளை. அது 3.1. சினைப்பை ஓய்ந்து மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இந்த எண் பல மடங்கு ஏறியிருக்க வேண்டும், ஏனென்றால் பிட்யூட்டரி கத்திக்கொண்டே இருக்கும். 3.1 என்றால் இவருக்கு மெனோபாஸ் வரவே இல்லை. சினைப்பையைக் கூப்பிட ஆளில்லை, அவ்வளவுதான்.

எம்ஆர்ஐ படத்தில் பிட்யூட்டரி இருக்க வேண்டிய எலும்புக் குழி கிட்டத்தட்டக் காலி. அடியில் ஒரு மெல்லிய படலம் மட்டும்.

நோயின் பெயர் ஷீஹான் நோய்க்குறி. ஹரால்ட் ஷீஹான் என்ற ஆங்கிலேய நோயியல் அறிஞர் 1937-ல் விவரித்தது. கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெருக்கிறது, பால் சுரப்புக்கான அணுக்கள் பெருகுவதால். ஆனால் அதற்கு வரும் இரத்தம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை; வருவதும் அழுத்தம் குறைந்த சிறு நாளங்கள் வழியாக. பிரசவத்தில் பெரும் இரத்தப்போக்கு ஏற்பட்டு அழுத்தம் விழுந்தால், பெருத்துப்போய்ப் பசியோடு இருக்கும் அந்தச் சுரப்பிதான் முதலில் பட்டினி கிடக்கும், செத்தும் போகும். பின்பகுதிக்கு வேறு நாளம் என்பதால் அது பெரும்பாலும் தப்பிவிடும்.

முழுவதும் ஒரே நாளில் செத்தால் உடனே தெரிந்துவிடும். பாதி, முக்கால் செத்தால் மிச்சமிருக்கும் அணுக்கள் வருடக்கணக்கில் சமாளிக்கும். பால் வராததும் மாதவிலக்கு நின்றதும் உயிருக்கு ஆபத்தில்லாத அடையாளங்கள் என்பதால் அவற்றோடு வாழ்ந்துவிடலாம். கார்ட்டிசாலும் தைராய்டும் மெல்ல இறங்கும்போதுதான் உடம்பு குளிரத் தொடங்குகிறது. அதற்குள் பிரசவம் பழங்கதையாகிவிடுகிறது.

சோடியம் குறைந்ததும் சர்க்கரை குறைந்ததும் இப்போது கார்ட்டிசால் குறைவு என்ற ஒரே கணக்கில் வருகின்றன. பொட்டாசியம் இயல்பாக இருந்ததற்கும் காரணம் உண்டு: அதைக் கவனிக்கும் ஆல்டோஸ்டிரோன் பிட்யூட்டரியின் பிடியில் இல்லை. அட்ரினல் சுரப்பியே கெட்டிருந்தால் பொட்டாசியம் ஏறியிருக்கும், தோலும் கறுத்திருக்கும். இவர் வெளிறியிருந்தார்.

எது முதலில்

சிகிச்சையில் மருந்தைவிட வரிசை முக்கியம். முதலில் கார்ட்டிசாலை ஈடுசெய்யும் ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகுதான் தைராக்சின். தைராக்சின் உடலின் வேகத்தைக் கூட்டும், இருக்கும் கொஞ்சநஞ்சக் கார்ட்டிசாலையும் சீக்கிரம் கரைக்கும். கார்ட்டிசால் இல்லாதவருக்கு அதை முதலில் கொடுத்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எட்டு மாதத்துக்கு முன் பத்து நாளில் வந்த வாந்தியும் தலைசுற்றலும் அதன் வாசல்படி. நல்லவேளை, அவரே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

காலை எழுந்ததும் 10 மி.கி., மதியம் 5 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன். ஐந்தாம் நாள் அக்கா ஃபோன் செய்தார்: "இவ பசிக்குதுன்னு கேக்கறா டாக்டர்." குரலில் சந்தோஷத்தைவிட ஆச்சரியம் அதிகம். சிறுநீர் அளவு கூடுகிறதா என்று கேட்டுக்கொண்டேன். சிறுநீர் அளவைக் கட்டுப்படுத்துவது பிட்யூட்டரியின் பின்பகுதி; அதில் சேதம் இருந்தால் கார்ட்டிசால் கொடுத்த பிறகுதான் அது வெளிப்படும். இவருக்கு இல்லை. பத்தாம் நாள் சோடியம் 137.

அதன்பின் தைராக்சின் 25 மைக்ரோகிராமில் தொடங்கி, மெல்ல 75 வரை. இங்கே ஒரு எச்சரிக்கை: இவருக்கு இனி டிஎஸ்ஹெச் பார்த்து அளவை மாற்றக்கூடாது. அது எப்படியும் பொய் சொல்லும். ஃப்ரீ டி4 மட்டுமே. இதைச் சீட்டின் மேலே பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தேன், அடிக்கோடோடு.

மார்பகப் பரிசோதனையும் இரத்தம் உறைந்த வரலாறு இருக்கிறதா என்ற விசாரணையும் முடிந்தபின் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சேர்த்தோம், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரை. பதினாறு வருடம் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பு என்ன ஆகியிருக்கும் என்று டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். நினைத்ததுபோலவே எலும்பு அடர்த்தி நன்றாகக் குறைந்திருந்தது. அதற்குத் தனிச் சிகிச்சை நடக்கிறது.

காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோனை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் 100 மி.கி. ஊசி போட வேண்டும், காத்திருக்கக்கூடாது. இதை ஒரு அட்டையில் எழுதிக்கொடுத்தேன். அக்கா அதைப் படம் பிடித்துத் தங்கையின் ஃபோன் திரையிலேயே வைத்துவிட்டார், திறக்காமலே தெரியும்படி.

நான்கு மாதம் கழித்து

ஸ்வெட்டர் இல்லை. காலுறையும் இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. அக்காவுக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. ஹீமோகுளோபின் 11.9, இரும்பு மாத்திரை இல்லாமலே. ப்ரீகாபலினை மெதுவாகக் குறைத்து நிறுத்தியாகிவிட்டது. நாற்காலியில் முட்டி போட வைத்துக் குதிகாலைத் தட்டினேன். பாதம் போன வேகத்தில் திரும்பியது.

தோள்வலி, தொடைவலி போய்விட்டன. வலது முழங்கால் மட்டும் படி ஏறும்போது இன்னும் வலிக்கிறது. "இதுவும் அந்தச் சுரப்பியாலயா?" என்று கேட்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். சாதாரணத் தேய்மானம்.